சென்ட்ரல் பக்கத்துல 116 ஏக்கர் பூங்கா இருந்துச்சா? பீப்பிள்ஸ் பார்க்கும் விக்டோரியா ஹாலும்: முழு வரலாறு

பங்குனிப் பொங்கல் வந்தால் திருத்தங்கல், சிவகாசி மக்கள் விருதுநகர் பொருட்காட்சிக்குக் கிளம்புவது வழக்கம். ராட்டினம், அப்பளம், கடைகள் எனக் களைகட்டும் இந்த மாதிரி கூட்டத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்த இடம் சென்னை பீப்பிள்ஸ் பார்க்.

பூங்கா எப்படி உருவானது?

1859ல் சென்னை ஆளுநராக வந்தவர் சார்லஸ் டிரெவெல்யன். பொதுமக்கள் காற்றாட உலாவ ஓர் இடம் வேண்டும் என்று இந்தப் பூங்காவை உருவாக்கினார். பரப்பு சுமார் 116 ஏக்கர். எழும்பூரில் தொடங்கிய உயிரியல் பூங்காவும் பிறகு இங்கேயே வந்தது. ஆண்டு இறுதியில் பெரிய கண்காட்சியும் நடக்கும்.

1886ல் என்ன நடந்தது?

டிசம்பர் 31. கண்காட்சியில் கூட்டம் நிரம்பியிருந்தபோது தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். சென்னை கண்ட மோசமான தீ விபத்துகளில் இதுவும் ஒன்று. ஆனால் இன்று பலருக்கும் இது தெரியாது.

விக்டோரியா ஹால் ஏன் முக்கியம்?

பூங்கா நிலத்தில் 1883ல் அடிக்கல் நாட்டப்பட்ட அரங்கம் இது. வடிவமைத்தவர் சிஷோல்ம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் இங்கே அரங்கேறின. 1897ல் விவேகானந்தர் உரையாற்றினார். சென்னையின் ஆரம்பகால சினிமா காட்சிகளும் இங்கேதான்.

பூங்கா எங்கே போச்சு?

ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடங்கள் வந்தன. 1900ல் மூர் மார்க்கெட், 1913ல் ரிப்பன் மாளிகை, பிறகு விளையாட்டு அரங்கம். ரயில்வே விரிவாக்கத்துக்கு இடம் தேவைப்பட்ட சூழலில், 1985 மே 30ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. பழைய புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். அதே காலகட்டத்தில் உயிரியல் பூங்காவும் வண்டலூருக்குப் போனது. சுற்றுலாத் துறை பொருட்காட்சி நடப்பது இப்போது தீவுத்திடலில்.

நமக்கு இதில் என்ன?

தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்று பட்டாசு ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டம் கூடும் இடத்தில் தீயோடு நெரிசலும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அடுத்த முறை பிள்ளைகளோடு பொருட்காட்சிக்குள் நுழையும்போது, வெளியே போகும் வழிகள் எத்தனை, எங்கே என்று முதலில் பார்த்துவிடுங்கள். ராட்டினம் அப்புறம்.