ஒரு நாட்டின் பரப்பளவை எப்படி அளக்கிறார்கள்?

மெர்கேட்டர் உலக வரைபடத்தில் ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தோன்றும் கிரீன்லாந்து, உண்மையில் அக்கண்டத்தில் ஏறத்தாழ 14-இல் ஒரு பங்குதான் என்றால், நாடுகளின் பரப்பளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

உரித்த ஆரஞ்சுத் தோலை மேசைமேல் தட்டையாக அழுத்தினால் அது கிழியும், அல்லது இழுபடும். உருண்டையான பூமியைத் தாளில் விரிக்கும்போதும் இதுவே நிகழ்வதால், சாதாரண வரைபடத்தின்மேல் அளப்பது பிழையான விடையையே தரும்.

எனவே நாட்டின் எல்லைக்கோடு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிக்கப்பட்ட எண்ணற்ற புள்ளிகளாகக் கணினியில் பதியப்பட்டு, அதன் உட்பகுதி சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, பூமியின் வளைவுக்கேற்ப ஒவ்வொரு கட்டத்தின் பரப்பும் கணித்துக் கூட்டப்படுகிறது.

கட்டங்கள் எல்லாம் ஒரே அளவா? இல்லை. நிலநடுக்கோட்டில் பக்கத்துக்கு ஒரு பாகை கொண்ட கட்டம் ஏறத்தாழ 12,300 சதுர கிலோமீட்டர் இருக்க, தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிச் செல்வதால், 60 பாகை அட்சரேகையில் அதே கட்டம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்து, எதைச் சேர்ப்பது என்பதும் முடிவாக வேண்டும். நிலத்தோடு ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைகளும் சேர்ந்ததே மொத்தப் பரப்பளவு. கரையோர நீரையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து, சீனாவும் அமெரிக்காவும் உலகின் மூன்றாம், நான்காம் இடங்களை மாற்றிக்கொள்கின்றன.

ஆகவே ஒரு நாட்டின் பரப்பளவைப் படிக்கும்போது, அதில் நீர்ப்பரப்பு எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதையும் கவனியுங்கள்.