கண்ணுக்குள் லென்ஸ் வைத்தவர் வாந்தி எடுத்தால்



சென்ற ஆண்டு நமது மஹல்லாவில் நடந்த விஷயம் இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். நிக்காஹ் நிச்சயமான பெண் பிள்ளை. மைனஸ் 11 பவர். லேசர் செய்யக் கருவிழியின் தடிமன் போதாது என்பதால் கண்ணுக்குள் ஐ.சி.எல். லென்ஸ் வைத்தார்கள். அன்று மாலையே கண்ணாடி இல்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னாள். இரவு பத்து மணிக்குத் தலைவலி, பிறகு வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். “ஆபரேஷன் செஞ்ச கண்ணு, வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலிச்சுது” என்று நன்னி சொல்லிவிட்டார். பஜ்ருக்கு முன் அவளுடைய அத்தா எனக்குப் போன் செய்தார். உடனே அழைத்துப் போகச் சொன்னேன். கண்ணுக்குள் அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. மருந்து கொடுத்துக் குறைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பார்வைக்குப் பங்கமில்லை.

நன்னி சொன்னதில் தவறில்லை. ஆனால் அவருக்கு நடந்தது வேறு ஆபரேஷன். டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அங்கேயே ஆரோலேப் மலிவு விலையில் லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தது. அதன் பிறகு புரைக்கு லென்ஸ் வைத்தவர் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அந்தப் பழக்கம் தைரியத்தோடு அலட்சியத்தையும் கொடுத்துவிட்டது. புரை ஆபரேஷனில் பழுதான சொந்த லென்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கிறார்கள். ஐ.சி.எல்.லில் சொந்த லென்ஸ் அப்படியே இருக்கும். அதற்கும் ஐரிஸ் என்ற திரைக்கும் இடையில் இன்னொரு மெல்லிய லென்ஸைச் செருகுகிறார்கள். சொந்த லென்ஸுக்கும் புதியதற்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அது மிகக் குறைந்தால் இளவயதிலேயே புரை விழலாம். மிக அதிகமானால் ஐரிஸ் முன்னே தள்ளப்பட்டு, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வடிகால் அடைபடும். ஆபரேஷனின்போது செலுத்தும் ஜெல் உள்ளே தங்கினாலும் முதல் நாளில் அழுத்தம் ஏறும். தலைவலியும் வாந்தியும் அதனால்தான் வருகின்றன. வயிற்றுக்குச் சம்பந்தமில்லை. அழுத்தம் நீடித்தால் பார்வை நரம்பு கெடும். கெட்ட நரம்பு திரும்பாது. இப்போது வரும் லென்ஸின் நடுவில் நீர் போக 0.36 மி.மீ. துளை இருக்கிறது. ஆபத்து குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த நாளே பரிசோதனைக்கு வரச் சொல்வது இந்த இடைவெளியையும் அழுத்தத்தையும் அளக்கத்தான். “நல்லாத் தெரியுதே, எதுக்குப் போகணும்?” என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். அளவு பொருந்தவில்லையென்றால் அந்த லென்ஸை எடுத்துவிட்டு வேறு அளவில் வைக்க முடியும்.

முதல் சில நாட்களில் வலியும் சிவப்பும் கூடிக்கொண்டே போய்ப் பார்வை மங்கினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அது அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் மணிக்கணக்கில் கண்ணைக் கெடுத்துவிடும். தாராபுரம், உடுமலையில் இருப்பவர்கள் திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போவது நல்லது. முடியாவிட்டால் அவிநாசி ரோடு அரவிந்த், சிவானந்தபுரம் சங்கரா, திருச்சி ரோடு அரசு மருத்துவமனை என்று கண் மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் லென்ஸ் கார்டையும் மறக்க வேண்டாம். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் மட்டும் தெரிந்தால் பயமில்லை, பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும். சுர்மாவையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளி வையுங்கள், நிக்காஹ் நாளாகவே இருந்தாலும்.

ஒளூவின்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாதே, ஸஜ்தா எப்படிச் செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். கண்ணிலிருந்து நீர் எடுத்தவரை மருத்துவர் மல்லாந்து படுக்கச் சொன்னால் அவர் சைகையால் தொழலாம் என்று ஹனஃபி மத்ஹபின் துர்ருல் முக்தாரிலேயே சட்டம் இருக்கிறது. குனியக்கூடாத நாட்களில் உட்கார்ந்து சைகையால் தொழுவதில் தயக்கம் வேண்டாம். ஒளூவுக்குள்ள சலுகையை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. நோன்பை நினைத்து மருந்தை நிறுத்தியவர்கள் இருப்பதால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, கண்ணாடி போய்விட்டாலும் கண் பழைய கிட்டப்பார்வைக் கண்தான். நீண்ட கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும். பத்து வருடம் கழித்துக்கூட மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் திடீரெனக் கூடுவது போலவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தால் அன்றே போக வேண்டும். வருடத்துக்கு ஒரு பரிசோதனை ஆயுள் முழுவதும் உண்டு.

செலவு பற்றி: மருத்துவக் காப்பீட்டில் 7.5க்குக் குறைந்த பவருக்குத்தான் பொதுவாக விலக்கு. அதற்கு மேல் உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரவில் மருத்துவமனைக்குப் போக வண்டி இல்லாதவர்கள் டிரஸ்ட் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும், இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்கிறோம்.