விளையாடுற பிள்ளைக்கு என்ன தெரியும்?

சாவு வீட்டில் பெரியவர்கள் பந்தலுக்குக் கீழே அழுதுகொண்டிருப்பார்கள். அப்பாவை இழந்த ஆறு வயசுப் பிள்ளை பக்கத்து வீட்டு வாசலில் ஓடிப்பிடிச்சு விளையாடிக்கிட்டு இருக்கும். "பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் இருக்க மாட்டார்.

பனமரத்துப்பட்டி பக்கம் இது அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை. மல்லூர் வழியாகப் போகும் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலை விபத்து, வெளி மாநிலத்துக்கு லாரி ஓட்டப் போன அப்பா பிணமாக வந்து இறங்குவது என்று திடீர்ச் சாவுகளைப் பார்த்துப் பழகின பகுதி இது. சரி, அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே என்னதான் தெரியும்? இதைப் பற்றிப் படித்ததில் முக்கியமானவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டு. சின்னப் பிள்ளையால் துக்கத்தைத் தொடர்ந்து தாங்க முடியாது. கொஞ்ச நேரம் அழும், கொஞ்ச நேரம் விளையாடும், ராத்திரி திடீரென்று "அப்பா எப்ப வருவார்?" என்று கேட்கும். மழைத் தண்ணி தேங்கின குழியில் காலை வைப்பதும் வெளியே குதிப்பதுமாக இருக்கும் பிள்ளை மாதிரி, துக்கத்துக்குள் போய்ப் போய் வரும். விளையாடுவதை வைத்து 'மறந்துடுச்சு' என்று முடிவுகட்டக் கூடாது.

அடுத்தது, சாவு என்றால் என்ன என்று அதற்கு எந்த அளவுக்குப் புரியும் என்பது. மரியா நாகி என்பவர் ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 பிள்ளைகளிடம் பேசி, 1948-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவு என்பது ஒரு பயணம் அல்லது தூக்கம் மாதிரி. போனவர் திரும்பி வரலாம். அதற்கு மேலே, சாவை ஒரு ஆள் மாதிரி நினைக்கிறார்கள். சாமர்த்தியமாக இருந்தால் அதனிடமிருந்து தப்பிக்கலாம். ஒன்பது, பத்து வயசு வாக்கில்தான் இது எல்லாருக்கும் வரும், வந்தால் திரும்ப முடியாது என்பது பிடிபடுகிறது. பின்னால் வந்தவர்கள் வயசுக் கணக்கில் மாறுபட்டாலும், புரிதல் படிப்படியாகத்தான் வரும் என்பதை ஏற்கிறார்கள்.

இப்போது நாம் சொல்லும் சமாதானங்களை இதோடு வைத்துப் பாருங்க. "அப்பா ஊருக்குப் போயிருக்கார்" என்றால் பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். "தூங்குறார்" என்றால் தானே தூங்கப் பயப்படும். "சாமி கூப்பிட்டுக்கிட்டார்" என்றால் அம்மாவையும் கூப்பிடுவாரோ என்று முந்தானையை விடாது. அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே யோசிக்கும்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. தான் நினைத்ததும் சொன்னதும் வெளியே நடக்கும் என்று சின்னப் பிள்ளைகள் நம்புவார்கள். முந்தின நாள் கோபத்தில் "அப்பா வேணாம் போ" என்று சொல்லியிருந்தால், அதனால்தான் அப்பா செத்தார் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிடும். நம் ஊரில் இதற்கு ஒத்து ஊதுகிற மாதிரி ஒரு பேச்சு இருக்கிறது: "அப்பனை முழுங்கின பிள்ளை", "பொறந்த நேரம் சரியில்லை". தன்மேல் ஏற்கெனவே சந்தேகம் உள்ள பிள்ளைக்கு ஊரே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பத்து வயசுப் பையனிடம் "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பள" என்பதும் இதில் சேர்த்திதான். அவன் அழுவதற்கான இடத்தை அது எடுத்துவிடுகிறது.

உடலைப் பார்ப்பது, சடங்கில் நிற்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவசரமாகப் பலரைச் சேர்த்துப் புதைக்க வேண்டியிருந்தது. சில உடல்கள் கிடைக்கவே இல்லை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் அப்பா அம்மா ஆம்புலன்ஸில் ஏறியதுதான் பல பிள்ளைகள் கடைசியாகப் பார்த்தது. முகம் பார்க்காத சாவை நம்புவது பெரியவர்களுக்கே கஷ்டம். கொள்ளி வைப்பதும், பால் தெளிப்பதும், பதினாறாம் நாள் காரியமும் 'இது நடந்துவிட்டது' என்று உடம்புக்கே சொல்லிக் கொடுக்கிற வேலையைச் செய்கின்றன. அதனால் என்ன நடக்கப் போகிறது என்று முன்னாலேயே சொல்லி, பிள்ளை வர விரும்பினால் கைப்பிடித்துக் கூட்டிப் போகலாம். வேணாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் நீண்ட பகுதி தொடங்குகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஃபிலிஸ் சில்வர்மேனும் வில்லியம் வார்டனும் 125 பிள்ளைகளை இரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள். ஆனால் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இரண்டாம் வருஷ முடிவில் கணிசமான சிக்கல் இருந்தது. 'ஒரு வருஷம் ஆச்சு, சரியாயிடுச்சு' என்ற நம் கணக்கு அங்கே பலிக்கவில்லை. பிள்ளை தேறுமா என்பதை அதிகம் தீர்மானித்தது, மிச்சமிருக்கும் அம்மாவோ அப்பாவோ எப்படி இருக்கிறார் என்பதுதான். இன்னொன்று: அந்தப் பிள்ளைகள் இறந்தவரோடு பேசினார்கள், அவருடைய சட்டையையோ கடிகாரத்தையோ பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். இது நோயில்லை, உறவைத் தொடரும் வழி என்பது அவர்கள் கண்டது. வீட்டில் அந்தப் பேரையே எடுக்காமல் இருப்பதுதான் பிள்ளையைத் தனியாக்கும்.

அரசு உதவிகளும் இருக்கின்றன. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் பேரில் ரூ.5 லட்சம் வைப்புத் தொகையைத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் 18 வயது வரை மாதம் ரூ.2,000 கிடைக்கிறது. சம்பாதிக்கிறவர் போன வீட்டில் இது பெரிய விஷயம். அம்மாவின் பதற்றம் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும். ஆனால் கணக்கில் பணம் ஏறினதும் நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது சின்னச் சின்ன விஷயங்கள்தான். "அப்பா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு. திரும்பி வர மாட்டார். இதுக்கு நீ காரணம் இல்ல. உன்னை நாங்க பாத்துக்குவோம்." இந்த ஐந்து வாக்கியங்களை நேராகச் சொல்லலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்பச் சொல்லலாம். சாப்பாடு, பள்ளிக்கூடம், தூங்கும் நேரம் முன்பு போலவே இருக்கட்டும். வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், காரணமில்லாத அடிதடி, மார்க் குறைவது எல்லாமே துக்கத்தின் பேச்சாக இருக்கலாம். வாத்தியார்கள் பிரம்பை எடுக்கும் முன் வீட்டு நிலவரத்தைக் கேட்டால் நல்லது. ஆறு மாசத்துக்கு மேலும் பிள்ளை முடங்கியே கிடந்தாலோ, 'நானும் அப்பாகிட்ட போறேன்' என்று எப்போது சொன்னாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098-லும் இலவசமாகப் பேசலாம்.