பென்சிலைக் கடித்தால் யோசனை வருமா?

உங்கள் பெண் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படிக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீடு செங்கற்பட்டில். சனி, ஞாயிறு லீவுக்கு வந்தவளிடம் வாத்தியார் இரண்டு வேலை கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒன்று, ஒரு கதைக்குப் படம். மற்றொன்று, கடலாமைகளைக் காப்பாற்றச் சொல்லி ஒரு சுவரொட்டி. திங்கட்கிழமை காலையில் இரண்டும் அவர் மேஜைமேல் இருந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து பெண் கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வெள்ளைக் காகிதம். வாயில் பென்சில்.

"என்னம்மா கண்ணு, இன்னும் ஒரு கோடுகூடப் போடலையா?"

"ஐடியா வரலைம்மா!"

இதற்கு நமக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். ஒன்று, சூடாக ஒரு காப்பி போட்டுக் கொடுப்பது. மற்றொன்று, "இதுக்குத்தான் அப்பவே இன்ஜினீயரிங் சேருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று ஆரம்பிப்பது. முதல் வைத்தியத்தால் தூக்கம் கெடும். இரண்டாவது வைத்தியத்தால் மனசு கெடும். யோசனை மட்டும் வராது.

கைபேசியைத் தட்டினால் ஆயிரம் ஆமைப் படங்கள் வந்து விழுமே என்பீர்கள். விழும். ஆனால் ஆயிரமும் வேறு யாரோ பார்த்த ஆமைகள் அல்லவா?

ஆகவே, மூன்றாவது வைத்தியம் ஒன்று சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் நாலு இட்டிலியைப் பொட்டலம் கட்டிக் கொள்ளுங்கள். பெண்ணையும் அவளுடைய படப் புத்தகத்தையும் இழுத்துக் கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

பூனையின் தவம்

ஊருக்குள் போனதும் முதலில் நிற்க வேண்டிய இடம் அந்தப் பெரும் பாறை. சுமார் 90 அடி நீளம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கியது. அர்ஜுனன் தபசு என்று சிலர் சொல்வார்கள். பகீரதன் கங்கையைக் கொண்டு வந்த கதை என்று வேறு சிலர் சொல்வார்கள். அந்த வழக்கைப் பண்டிதர்களிடம் விட்டு விடுவோம். உங்கள் பெண் பார்க்க வேண்டியது வேறு.

பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு இருக்கிறது. நாமாக இருந்தால், "இது வெடித்த பாறை, வேறு பாறை பார்" என்று சொல்லியிருப்போம். சிற்பி அந்தப் பிளவையே ஆறாக்கி விட்டார்! நாகர்கள் அதில் நீந்தி மேலே வருகிறார்கள். இரண்டு பக்கத்திலும் தேவர்கள், முனிவர்கள், வேடர்கள், யானைகள் என்று நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள். கூட்டம் அந்தப் பிளவை நோக்கியே திரண்டு வருகிறது. இவ்வளவு பேர் இருந்தும் குழப்பம் இல்லை. பார்க்கிறவன் கண் எங்கே போக வேண்டும் என்பதைச் சிற்பி முதலில் தீர்மானம் செய்து கொண்டார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனையைக் காட்டுங்கள். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தபசியைப் போலவே அது தவம் செய்கிறது. காலடியில் எலிகள்! இத்தனை பெரிய காரியத்தின் நடுவே ஒரு சின்னச் சிரிப்பை ஒளித்து வைத்தவனும் ஓவியன்தான்.

இந்தப் பாறைக்கு ஒரு தங்கை உண்டென்பது பலருக்குத் தெரியாது. அதே குன்றை ஒட்டிக் கொஞ்சம் தெற்கே நடந்தால், இதே காட்சியை இன்னொரு பாறையில் செதுக்கத் தொடங்கி, பாதியில் விட்டிருப்பதைக் காணலாம். அங்கே கூட்டம் நிற்பதில்லை. உங்கள் பெண் மட்டும் நிற்கட்டும். முற்றுப் பெறாத குகைகளையும் பார்க்கட்டும். பாறையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இடையில் ஆழமாக வெட்டி, எஞ்சிய கட்டிகளைத் தட்டி எடுத்த அடையாளம் இன்றும் தெரிகிறது. மாமல்லபுரத்தில் முடிந்த வேலை எவ்வளவோ, முடியாத வேலையும் அவ்வளவு. கல்லிலேயே வேலை செய்தவர்கள் பாதியில் விட்டிருக்கிறார்கள். காகிதத்தில் நாலு படம் வீணானால் என்ன குடி முழுகிப் போகும்?

அம்பு விடும் முன்னால்

இனி, கதைப் படத்துக்கு வருவோம். குன்றின்மேல், கலங்கரை விளக்கத்துக்கு அருகே, மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு காட்சிகள்.

ஒரு பக்கம் திருமால் ஆதிசேஷன்மேல் துயில்கிறார். கோடுகள் எல்லாம் படுத்திருக்கின்றன. எதிர்ப்பக்கம் துர்க்கை சிங்கத்தின்மேல் ஏறி வில்லை வளைத்து வருகிறாள். மகிஷன் கதையைப் பிடித்தபடி பின்னுக்குச் சாய்கிறான். கோடுகள் எல்லாம் சாய்ந்திருக்கின்றன. ஒரு சுவரைப் பார்த்தால் மூச்சு அடங்குகிறது; திரும்பினால் நெஞ்சு படபடக்கிறது. முகபாவம் பிறகுதான். படுத்த கோடும் சாய்ந்த கோடுமே பாதிக் கதையைச் சொல்லி விடுகின்றன.

இன்னொன்றும் கவனியுங்கள். மகிஷன் இன்னும் விழவில்லை. தலை உருளவில்லை. ஆனால் அவன் சாய்கிற சாய்விலேயே முடிவு தெரிகிறது. கதைக்குப் படம் போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. கொலை நடந்த பிறகு வரைந்தால் வாசகர் கதையைப் படிக்க வேண்டியதில்லை. கதவு திறக்கும் முன் அதன்மேல் பட்ட கையை வரைந்தால், பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியுமா? தொடர்கதை படிக்கும் உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா!

இப்படிக் கல்லிடம் பாடம் கேட்ட ஒருவர் நம்மிடையே இருந்தார். நாமக்கல்லில் 1919-ல் பிறந்த பி. எம். சீனிவாசன். ஓவியரும் கவிஞருமான நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை அந்தப் பையனுடைய கையைப் பார்த்து, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னார். அது 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி. உங்கள் பெண் இன்று படிக்கிற கல்லூரியும் அதுதான். படித்து முடித்துப் பத்திரிகைக்கு வந்தவருக்கு, ஓவியர் மாலி வைத்த பெயர் 'சில்பி'. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று அவர் வரைந்த கோயில் சிற்பங்களை நம் பாட்டிமார் வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். சிலையின் எதிரிலேயே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைவது அவர் வழக்கம். யோசனை வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கவில்லை. அது இருக்கிற ஊருக்கு அவரே போனார்.

எது நிஜ நிலா?

கதைப் படத்தைப் பார்க்கிறவர் ஈஸிசேரில் சாய்ந்திருப்பார். அவருக்குப் பத்து நிமிஷம் அவகாசம் உண்டு. சுவரொட்டியைப் பார்க்கிறவரோ ஓடுகிற பஸ்ஸில் இருக்கிறார். ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில் ஒரே ஒரு சங்கதியைத்தான் சொல்ல முடியும்.

எந்தச் சங்கதி? சாயங்காலம் கடற்கரைக் கோயிலுக்கு அருகே மணலில் உட்கார்ந்து பெண் படப் புத்தகத்தைத் திறக்கட்டும். பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாகக் கிறுக்கட்டும். முதல் கட்டத்தில் ஆமை அழும். இரண்டாவதில் இரு கைகள் ஆமையை ஏந்தும். மூன்றாவதில் ஆமை முதுகில் பூமி உருண்டை. நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். முதலில் வருகிற பத்தும் எல்லோருக்கும் வருவதுதான். அவற்றை வெளியே தள்ளினால்தான் பதினோராவது வர இடம் கிடைக்கும்.

அதற்குள் விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். இந்தக் கரைக்கு வருவது பங்குனி ஆமை. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் கரையேறி, மணலைத் தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகும். ஏழு வாரம் போலக் கழிந்து குஞ்சுகள் வெளியே வரும். அவற்றுக்கு வழி சொல்லத் தாய் இல்லை. வெளிச்சமான தொடுவானம் எதுவோ, அங்கே கடல் இருக்கிறது என்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே வழி. ராத்திரியில் கரையைவிடக் கடல்தானே வெளிச்சம்? நிலவும் நட்சத்திரமும் அதில் அல்லவா மின்னுகின்றன? ஆனால் இன்று ஓட்டல் விளக்கும் தெரு விளக்கும் கடலைவிடப் பளீரென்று எரிகின்றன. குஞ்சுகள் திரும்பிச் சாலைப் பக்கம் நடக்கின்றன. நாயும் காக்கையும் வெயிலும் மிச்சத்தைப் பார்த்துக் கொள்ளும்.

பெரிய ஆமைக்கு வேறு ஆபத்து. அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இப்படிச் செத்து ஒதுங்கின.

இரண்டையும் ஒரே சுவரொட்டியில் சொல்லலாமா? கூடாது. வலை போடுகிறவருக்கு அது சோறு. அவரிடம் பேச வேண்டிய பேச்சு வேறு; அதைப் படகுத் துறையில் உட்கார்ந்து பேச வேண்டும். விளக்குப் போடுகிறவருக்கோ ஸ்விட்ச் கையருகே இருக்கிறது. யாரிடம் சொல்கிறோம் என்பது முதல் கேள்வி. எல்லோருக்கும் என்று எழுதிய கடிதத்தை எந்தத் தபால்காரர் கொண்டு போய்க் கொடுப்பார்?

இருட்டுகிறது. கடல்மேல் நிலா எழுகிறது. முதுகுப் பக்கம் ஓர் ஓட்டலின் உருண்டை விளக்கு எரிகிறது. பெண் இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். பென்சில் ஓடுகிறது.

கறுப்புக் காகிதம். ஒரு மூலையில் ஒரு வெள்ளை வட்டம். எதிர் மூலையில் அதே அளவில் இன்னொரு வெள்ளை வட்டம். நடுவில் விரல்நுனி அளவில் ஒரு குஞ்சு. வேறு ஒன்றுமில்லை.

"ரெண்டு வட்டம் போட்டிருக்கியே, இதுல எதும்மா நிஜ நிலா?" என்று உங்களை அறியாமல் கேட்பீர்கள்.

"அதேதாம்மா!" என்று அவள் குதிப்பாள். கீழே எழுத வேண்டிய வாசகத்தை நீங்களே சொல்லி விட்டீர்கள்.

சோறு போடுமா?

எல்லாம் சரி, இதெல்லாம் சோறு போடுமா என்ற கேள்வி உங்கள் தொண்டையில் நிற்கிறது அல்லவா? அது நியாயமான கேள்வி. கே. சி. எஸ். பணிக்கரும் அதைக் கேட்டுக் கொண்டார்.

1957 முதல் அவர் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவர். கெட்டிக்கார மாணவர்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக ஏதோ வேலையில் சேர்ந்து, தூரிகையையே மறந்து போவதைப் பார்த்து வருந்தினார். படத்தை நம்பிச் சாப்பிட முடியாவிட்டால், கைத்தொழிலை நம்பிச் சாப்பிட்டுக் கொண்டு படம் போடலாமே என்று அவரும் மாணவர்களும் யோசித்தார்கள். துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966-ல், அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த ஈஞ்சம்பாக்கத்தில், எட்டுப் பத்து ஏக்கர் கடற்கரை மணலை வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்று சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்ட அந்தக் கிராமத்தில், அவர்கள் வரைந்தவற்றையும் வடித்தவற்றையும் நாம் போய்ப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கல்லூரியில் விடப் போகும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவே போய் அங்கே ஒரு மணி நேரம் இறங்குங்கள். சோறு போடும் என்று அந்தச் சுவர்கள் சத்தியம் செய்து கொடுக்க மாட்டா. அவர்களில் கஷ்டப்பட்டவர்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டு முடித்தபின், படம் போடுவதை நிறுத்தாதவர்கள் இருந்தார்கள் என்பதை நீங்களும் அவளும் சேர்ந்து பார்த்துவிட்டு வரலாம்.

திங்கட்கிழமை வீடு கூட்டும்போது, கூடத்து மூலையில் கசக்கிப் போட்ட காகிதங்கள் கிடக்கும். அழுகிற ஆமை, ஏந்திய கைகள், பூமி உருண்டை. முறத்தில் வாரிக் கொட்டுவதற்கு முன், ஒரு தடவை அவளுக்கு டெலிபோன் செய்து கேட்டு விடுங்கள்.