ஆட்டோவின் பின்கண்ணாடி

மட்டாஞ்சேரியின் பஜார் சாலை குறுகலானது. மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளின் முன்னே சரக்கு லாரிகள் நிற்கும். சுமைதூக்கும் தொழிலாளர் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வர். இங்கு ஆட்டோ ஓட்டுபவர் சில வேளைகளில் வண்டியைப் பின்னோக்கியும் நகர்த்த நேரிடும். பக்கக் கண்ணாடிகளில் தெரியாத இடத்தை அவருக்குக் காட்டுவது, கூரைத் துணியின் பின்புறத்தில் தைக்கப்பட்ட சிறு சாளரமே. அதனை மக்கள் 'கண்ணாடி' என்பர். உண்மையில் அது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் தாள்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டுத் தண்ணீர்க் குழாய்களும் அதனால் ஆனவையே. 1926இல் வால்டோ சீமன் என்னும் அமெரிக்க வேதியியலாளர், அதனோடு நெகிழ்வூட்டும் பொருள்களைச் சேர்த்து வளையச் செய்தார். அதனாலேயே அதனைத் துணியோடு சேர்த்துத் தைக்க முடிகிறது. ஜீப்புகளிலும், கூரையை மடக்கி வைக்கும் பழைய கார்களிலும் இத்தகைய சாளரங்கள் உண்டு. ஆயினும் நெகிழ்வூட்டி என்றும் நிலைத்திருப்பதில்லை. வெயில் படப்பட அது மெல்ல வெளியேறும். புறஊதாக் கதிர்கள் தாளை மஞ்சளாக்கும். பின்னர்த் தாள் விறைத்து விரிசல் விடும்.

இந்த மங்கல் நாள்தோறும் சிறிது சிறிதாக வருவதால் ஓட்டுநரின் கண் அதற்குப் பழகிவிடுகிறது. இடர் வெளிப்படுவது மழைக்காலத்தில்தான். மலையாளத்தில் 'இடவப்பாதி' எனப்படும் பருவமழை, தமிழ் வைகாசியின் பாதியில் தொடங்குவது. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும். இது சென்னையின் மழையைப்போல் இருமடங்கு. மங்கிய தாளின்மேல் நீரும் வழிந்தால், பின்னால் நிற்பது சைக்கிளா, சிறுவனா என்று தெரியாது. மழைக்கு முன்பே தாளை மாற்றிவிடுவது நன்று.

மாற்றுபவர் முதலில் பழைய தையலைப் பிரித்துத் தாளை எடுப்பார். அதுவே புதிய தாளுக்கு அளவு. புதிய தாளைச் சற்று நேரம் வெயிலில் விரித்தால் சுருக்கம் நீங்கி இளகும். தைக்கும்போது கவனம் மிக வேண்டும். துணியில் பிழையான தையலைப் பிரித்துவிட்டு மீண்டும் தைக்கலாம். பிளாஸ்டிக்கில் விழுந்த ஊசித்துளையோ மூடுவதில்லை. தையல் மிக நெருக்கமானால் துளைகள் அஞ்சல்தலையின் ஓரம்போல் வரிசையாகி, தாள் அவ்வழியே கிழிந்துவிடும். ஆகையால் நீண்ட தையலே ஏற்றது. பருத்தி நூல் மழையில் நனைந்து இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூல் நெடுநாள் உழைக்கும்.

புதிய சாளரத்தைத் தின்னர், மண்ணெண்ணெய் கொண்டு துடைத்தல் ஆகாது. உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே தாளைக் கீறும். முதலில் நீரூற்றித் தூசியை அகற்றி, பின் மென்துணியால் ஒற்ற வேண்டும்.

கழற்றிய பழைய தாளை ஒரு செய்தித்தாளின்மேல் வைத்துப் பார்த்தால், அத்தனை நாள் ஓட்டுநர் எவ்வளவு குறைவாகப் பார்த்தார் என்பது புலப்படும்.