கடல் நீரின் உப்பை அளத்தல்



நமது விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. ஆயினும், கடல்மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வேண்டுமென்ற ஆவல் இங்குள்ளோர்க்கும் எழலாம். அவர்கள் முதலில் கற்க வேண்டியது, நீரிலுள்ள உப்பைச் சரியாக அளப்பதாகும். அளவு பிழைத்தால் மீன் பிழைப்பது அரிது.

ஒரு கிலோகிராம் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சாலஞ்சர்' கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளை ஆராய்ந்து, வில்லியம் டிட்மார் 1884-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மொத்த உப்பு கடலுக்குக் கடல் வேறுபட்டாலும், முக்கிய உப்புகள் தம்முள் கொண்டுள்ள விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. ஆதலால் ஒவ்வோர் உப்பையும் தனித்தனியே அளக்க வேண்டுவதில்லை. நீரின் அடர்த்தியைக் கொண்டே மொத்த உப்பைக் கணித்துவிடலாம்.

அடர்த்தியை அளக்கும் கருவி திரவமானி. பாலைச் சோதிக்கும் பால்மானியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. உப்பளங்களில் பயன்படும் 'பாமே' அளவில் கடல் நீர் ஏறத்தாழ மூன்றரைப் பாகை காட்டும். அது வெயிலில் சுண்டி 25 பாகையைத் தாண்டும்போது கறியுப்பு படியத் தொடங்கும். உப்பளத்தில் அரைப் பாகை தவறினால் பெருங்கேடில்லை. மீன் தொட்டியிலோ, அது கிலோகிராமுக்கு ஐந்து கிராம் உப்பு தவறியதற்குச் சமமாகும்.

வெப்பமும் நம்மை ஏமாற்றும். 35 கிராம் உப்புள்ள கடல் நீர், 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 1023.3 கிராம் எடையுள்ளது. 30 டிகிரியில் 1021.7 கிராமே. உப்பு குறையவில்லை, நீர்தான் விரிந்தது. இதை உணராதவர், இரண்டு கிராம் உப்பு குறைந்ததென எண்ணி வீணே மேலும் உப்பிடுவார். எனவே, கருவி எந்த வெப்பநிலைக்கு அமைக்கப்பட்டது என்பதை அதன்மீது பார்த்தறிக.

ஒளிவிலகல்மானிக்குச் சில துளிகளே போதும். அது தூய நீரில் சுழியைக் காட்டினால் பலர் மனநிறைவு அடைகின்றனர். வெறுந்தட்டில் சமமாக நிற்கும் தராசு, படிக்கல் ஏறியபின் பிழையாக நிறுக்கக் கூடாதா? சிவகாசியில் வேதிப்பொருள்களை நிறுத்தே கலக்கின்றனர். அவ்வாறே நீங்களும் 36.5 கிராம் உலர்ந்த கறியுப்பை 963.5 கிராம் வாலைவடி நீரில் கரையுங்கள். கடல் நீருக்கென அளவிடப்பட்ட ஒளிவிலகல்மானி அக்கரைசலில் 35 எனக் காட்ட வேண்டும். காட்டாவிடில் அந்த இடத்திலேயே அதைத் திருத்தி அமைக்க வேண்டும். இக்கரைசல் சோதனைக்கே உரியது, மீனுக்கு உரியதன்று.

இறுதியாக ஒன்று: நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் விரைவில் வற்றும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே வற்றிய அளவுக்குத் தூய நன்னீரையே ஊற்றுங்கள். பின்னர் மீண்டும் அளந்து பாருங்கள்.