எழுபதுக்கு எத்தனை?

அறை இருட்டாக இருக்கும். மேசைக்கு ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதன் கீழே ஒருவர் வெள்ளி நாணயம் ஒன்றை விளிம்பில் மட்டும் விரல் படுமாறு பிடித்து, லேசாகச் சாய்த்து, மெல்லச் சுற்றுகிறார். தலைப்பக்கம் ஒரு சுற்று, பூப்பக்கம் ஒரு சுற்று. கணினியில் ஓர் எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த நாணயத்தை எடுக்கிறார். எல்லாம் சில வினாடிகள்தான். அந்த எண் ஒன்றாக இருந்தால் நாணயத்தின் விலை சில ஆயிரம் டாலர். வேறொன்றாக இருந்தால் பல லட்சம் டாலர்!

அமெரிக்காவில் நாணயங்களுக்கு மதிப்பெண் போடும் நிறுவனங்களின் உள்ளறை இது. நாணயம் சேர்ப்பவர்களுக்கு இதைவிடப் பரபரப்பான அறை உலகத்தில் வேறு இருக்க முடியாது என்பேன். பிசிஜிஎஸ் என்ற நிறுவனம் 1986-ல் கலிபோர்னியாவில் வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே என்ஜிசி என்ற போட்டி நிறுவனம் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் வியாபாரி வைத்ததுதான் தரம். வாங்கும்போது ‘தேய்ந்துபோச்சே’ என்பார். அதையே விற்கும்போது ‘புத்தம் புதுசு’ என்பார். வாங்காத, விற்காத மூன்றாம் ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று பிறந்ததுதான் இந்த ஏற்பாடு.

அந்த மூன்றாம் ஆளுக்கு நாணயம் யாருடையது என்று தெரியாது. அவர் முன்னால் வருவது நாணயமும் ஒரு பதிவு எண்ணும் மட்டுமே. அவர் போட்டு முடித்ததும் இன்னொருவர் தனியாகப் பார்த்து மதிப்பெண் போடுவார். கடைசியில் மூத்தவர் ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொல்வார். பிறகு நாணயத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து நிரந்தரமாக மூடிவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் அதை ‘ஸ்லாப்’ என்பார்கள். பரீட்சைத் தாள் திருத்துவதில்கூட இவ்வளவு கண்டிப்பு உண்டா!

மதிப்பெண் நூற்றுக்கு இல்லை, எழுபதுக்கு. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-ல் செய்த வேலை அது. பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்களின் மேல் அவருக்குத் தீராத காதல். அடையாளம் மட்டுமே தெரியும்படி தேய்ந்த சென்ட்டுக்கு ஒரு டாலர் என்றால், குறையே இல்லாததற்கு எழுபது டாலர் என்று கணக்குப் போட்டார். அந்த விலைக்கணக்கு பிறகு பொய்த்துப்போனது. ஆனால் எழுபது மட்டும் நிலைத்துவிட்டது. இந்த அளவுகோலில் ‘குட்’ என்றால் வெறும் 4! நன்றாகத் தேய்ந்த நாணயத்துக்குத்தான் அந்தப் பெயர். யார் கையிலும் புழங்காமல் அச்சில் விழுந்தபடியே இருக்கும் நாணயங்களுக்கு 60 முதல் 70 வரை. 70 வாங்க வேண்டுமென்றால் ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு கீறல் கண்ணில் படக்கூடாது.

அப்படியானால் அந்தச் சில வினாடிகளில் அவர் எதைத்தான் பார்க்கிறார்? வெளிச்சத்தை! அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் தடம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாக நாணயத்தின் மேல் தங்கிவிடும். விளக்கடியில் நாணயத்தைச் சுற்றினால் அந்தக் கோடுகளில் பட்ட ஒளி, சக்கரத்தின் ஆரங்களைப் போல மேலே ஓடும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். மேடான இடத்தில் அந்த ஓட்டம் அறுந்து மங்கினால் நாணயம் புழங்கியிருக்கிறது, அறுபதுக்குக் கீழே. மார்கன் என்ற அமெரிக்க வெள்ளி டாலர் என்றால் கண் முதலில் போவது சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தலுக்கும், மறுபக்கக் கழுகின் மார்புக்கும்.

கழுகின் மார்பு தப்பினாலும் தேவியின் கன்னம் இருக்கிறது. இந்த டாலர்களை ஆயிரம் ஆயிரமாக மூட்டை கட்டி எறிந்தார்கள். ஒன்றோடொன்று மோதி வடு விழுந்தது. கூந்தலுக்குள் விழுந்த வடு சுருளோடு மறைந்துவிடும். வழவழப்பான கன்னத்தில் அதே வடு விழுந்தால் மதிப்பெண் சரசரவென்று இறங்கும்.

இனி என் செல்ல நாணயம். 1893-ல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த மார்கன் டாலர் ஒரு லட்சம்தான். நன்றாகத் தேய்ந்ததற்கே சில ஆயிரம் டாலர் விலை. 67 மதிப்பெண் பெற்ற ஒன்று 2021-ல் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. இப்படி இருந்தால் போலிகள் வராமல் இருக்குமா? பிலடெல்பியாவில் அடித்த அதே ஆண்டு டாலரில் சான்பிரான்சிஸ்கோவின் அடையாளமான ‘எஸ்’ எழுத்தைக் குட்டியாக ஒட்டிக் கொண்டுவருவார்கள். ஆனால் அந்த ஒரு லட்சத்துக்கும் தலைப்பக்க அச்சு ஒன்றே ஒன்றுதான். அந்த அச்சில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ‘டி’ எழுத்து உச்சியில் ஒரு நுண்ணிய சாய்கோடு. அசலில் அது இருந்தாக வேண்டும். தலைமுடி அளவுகூட இல்லாத ஒரு கோடு, லட்சக்கணக்கான டாலருக்குச் சாட்சி சொல்கிறது!

வயது மட்டும் விலையைத் தராது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது: விலை இந்த மூன்றும் சேர்ந்தது. நம் நாட்டு 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பாருங்கள். மன்னரின் அங்கியிலிருந்த யானை, துதிக்கை குட்டையாக இருந்ததால் பன்றிபோலத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பவே பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு யானையைத் திருத்தி அடித்த ரூபாய் ஏராளம். தேடி அலைவது 1911-ஐத்தான்.

மதிப்பெண்ணே கிடைக்காத நாணயங்களும் உண்டு. தேய்த்துக் கழுவியவை, கம்பி பிரஷ்ஷால் பொய்ப் பளபளப்பு ஏற்றியவை. இவை அசல்தான் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் எழுபதில் எத்தனை என்று எழுத மாட்டார்கள். தேய்த்த கையோடு அந்த நுண்ணிய கோடுகளும் போய்விடுகின்றன, எந்த வித்தையாலும் திரும்ப வராது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கறுத்துப்போன வெள்ளி ரூபாய் கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். பிவிசி உறை உள்ள ஆல்பத்திலும் வைக்காதீர்கள். நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்து உலோகத்தை அரிக்கும். விளிம்பைப் பிடித்து எடுத்து, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.